ஈஸ்ட் பவுடர்: விலை குறைந்தது என்று கேட்ட நண்பருக்கு

மாட்டுத் தீவனத்தில் கலக்கும் ஈஸ்ட் பவுடர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போடலாமா என்று கேட்டீர்கள். வருஷத்துக்கு மேலாக என் கலப்பினக் கறவைகளுக்கு இதைப் போட்டு வருகிறேன். திட்டுவதற்கு நிறைய இருப்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பால் பெரிதாகக் கூடவில்லை. மாற்றம் தெரிந்தது சாணியில். முன்பு மக்காச்சோளக் குருணை அப்படியே வெளியே வரும், சாணி தண்ணியாய்த் தெறிக்கும். இப்போது கெட்டியாக விழுகிறது, பார்க்கவே சந்தோஷம். சொசைட்டியில் கொழுப்பு அளவும் முன்போல் ஆடுவதில்லை. தட்டையும் வைக்கோலையும் பெருவயிற்று நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துத் தரும் அமிலங்களில்தான் மாடு பிழைக்கிறது. அசிட்டிக் அமிலம் பால் கொழுப்பாகும். புரோப்பியோனிக் அமிலம் ஈரலில் குளுக்கோஸாகும். மாவுத்தீவனம் அதிகமானால் லாக்டிக் அமிலம் ஏறி, பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 6-க்குக் கீழே போனதும் நார் செரிக்கும் பாக்டீரியா படுத்துவிடும். அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது; ஈஸ்ட் அங்கே நுழையும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாவையும் ஊக்கும். (தட்டை நறுக்கிப் போட்டதும், சோளமாவைப் பிரித்துக் கொடுத்ததும் அதே சமயம்தான். பாதிப் பெயர் அதற்கும் சேர வேண்டும்.)

இதற்கெல்லாம் ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும். என் கோபமே அங்கேதான். பையில் ஜிப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பிடி விட்டுப்போகும். ஐப்பசி மழையில் தீவன அறையில் வைத்தால் ஈரம் குடித்துக் கட்டியாகிறது. மாட்டுக்கு நாளைக்கு 10 கிராம் என்று அச்சடித்தவர்கள், உள்ளே கிடக்கும் ஸ்பூன் எத்தனை கிராம் பிடிக்கும் என்று போடவில்லை. நகைக்கடைத் தராசா வைத்திருக்கிறேன்? கட்டியான பையைக் கடையில் காட்டினால், "நுணுக்கிப் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். ஈரத்தில் செத்த ஈஸ்ட்டை நுணுக்கினால் பிழைத்தா வரும்? மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கு தனியாக வாங்கினேன். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியில் கலக்கிவிடாதீர்கள், அதுவும் கொன்றுவிடும்.

உங்களிடம் இருப்பது இரண்டு மாடு, கோ-5 தீவனப்புல்லும் வைக்கோலும் தாராளம், அடர்தீவனமும் அளவு. அமிலம் ஏற வழியில்லை, வாங்காதீர்கள். விலை இறங்கிய பையென்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கலாம். இந்தப் பை தீர்ந்ததும் நானும் நிறுத்துகிறேன். தையில் என் மாடு ஒன்று கன்று போடுகிறது, கறவை ஏறும்போது சோளமாவும் ஏறும். அப்போது திட்டிக்கொண்டே வாங்கினாலும் வாங்குவேன்.