வடகரையா, தென்கரையா? டான்யூப் ஓரம் இரண்டு சைக்கிள், ஒரு கூடாரம்

நான் கும்பகோணத்துக்காரி, அவர் திருவையாறு. தேவாரத் தலங்களைக் கணக்கெடுக்கும்போது சோழநாட்டில் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்பார்கள். அந்தக் கணக்கில் அவர் வடகரை, நான் தென்கரை. கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் இந்தக் கரைச் சண்டை ஆஸ்திரியா வரை கூடவே வந்துவிட்டது.

வியன்னாவுக்கு மேற்கே, மெல்க் என்ற ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை டான்யூப் ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வாஹாவ். 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர்தான், இரண்டு கரையிலும் சைக்கிள் பாதை உண்டு. ஆனால் மெல்க் பாலத்தை விட்டால் அடுத்த பாலம் கிரெம்ஸ் பக்கத்தில் மௌட்டர்னில்தான். நடுவில் வெறும் படகுகள். அதனால் காலையிலேயே எந்தக் கரை என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு கோடையில் அவர் சொன்னபடி வடக்கே போனோம், அடுத்த கோடையில் நான் சொன்னபடி தெற்கே. ஒவ்வொரு முறையும் கூடாரம், அடுப்பு, படுக்கை, ரவை, ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாத சுமை. இதை மறக்க வேண்டாம்; என் தீர்ப்பில் பாதி இந்தச் சுமை சொன்னதுதான்.

பார்க்க வேண்டியதெல்லாம் வடகரையில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். மலைச்சரிவு முழுக்கத் தெற்குப் பார்த்தபடி இருப்பதால் நாள் பூராவும் வெயில் விழும். அந்த வெயிலுக்காகத்தான் கல்லை அடுக்கிப் படிப்படியாகச் சுவர் கட்டி திராட்சை போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் கிடையாது, வெறும் கல். அந்தக் கற்களில் பச்சைப் பல்லிகள் வெயில் காயும். இங்கே கிடைக்கும் ஒயின் வகைகளில் உயர்ந்ததற்கு அந்தப் பல்லியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ‘ஸ்மராக்ட்’, அதாவது மரகதம்.

வில்லென்டார்ஃபும் இந்தக் கரைதான். 1908இல் ரயில் பாதை போடும் சமயத்தில் அங்கே தோண்டியபோது பதினொரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண் சிலை கிடைத்தது. வயது ஏறத்தாழ 30,000 ஆண்டு. அசல் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஊரில் இருப்பது நகல். “நகலைப் பார்க்கவா இந்த மேட்டுல ஏத்துறீங்க?” என்று கேட்டேன். “அசல் இடம் இதானே” என்றார். பதில் சரிதான், கால் வலிதான் சரியில்லை.

அப்புறம் டுர்ன்ஷ்டைன். 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை இந்த ஊர்க் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். இடிந்த கோட்டை மேலே, நீல வண்ணக் கோபுரம் கீழே. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த மத்தியானத்தில் சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கல் பாவிய குறுகிய தெருவில் நான்கு பை தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தேர் இழுப்பது மாதிரி. ஒவ்வொரு ஊரிலும் பாதை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வெறும் சைக்கிளில் இது விளையாட்டு. சுமையோடு, ஜூலை வெயிலில், கல் சுவரெல்லாம் அனல் வீசும்போது விளையாட்டு இல்லை. அன்று மாலை தங்கிய முகாம் (பெயர் வேண்டாம்) நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நள்ளிரவு வரை மோட்டார் சைக்கிள் சத்தம். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சத்தத்தால் மட்டுமல்ல.

தென்கரையில் அந்த அளவுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் இல்லை. மெல்க்கை விட்டதும் ஷோன்பூயலில் ஒரு மேடு, அதன்பின் பெரும்பாலும் ஆற்றை ஒட்டிச் சமதரை. மலை நிழல் கிடைக்கும், சாலையில் வண்டிகளும் குறைவு. அக்ஸ்டைன் கோட்டை மட்டும் ஆற்றுக்கு 300 மீட்டர் மேலே பாறை மீது உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கைதிகளை ஒரு சிறு பாறை விளிம்பில் விட்டு, பட்டினி கிடந்து சாவு அல்லது குதித்துச் சாவு என்று விட்டுவிடுவார்களாம் அங்கிருந்த கொள்ளைக்காரப் பிரபுக்கள். ஊரார் சொல்லும் கதை. நாங்கள் கீழிருந்தே கும்பிடு போட்டுவிட்டோம்.

தென்கரையின் சொத்து ஆப்ரிகாட். இங்கே அதற்கு ‘மரில்லே’ என்று பெயர். வடகரையிலும் மரங்கள் உண்டு, ஆனால் ஆர்ன்ஸ்டார்ஃப், ரோசாட்ஸ் பக்கம் பாதையின் இரு புறமும் தோப்பு. ஜூலையில் வீட்டு வாசலில் கூடை வைத்துவிட்டு, பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கிலோ வாங்கி, முக்கால் கிலோவை மரத்தடியிலேயே முடித்தோம். நம் ஊர் மாம்பழத்துக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெயிலில் சூடேறிய பழத்தின் வாசனை அன்று முழுக்கக் கையில் இருந்தது.

இன்னொன்று. டான்யூப்தான் ரோமப் பேரரசின் எல்லை. தென்கரை ரோமர்களுடையது, மௌட்டர்னில் அவர்களுடைய கோட்டை மதில் இன்றும் நிற்கிறது. எதிர்க்கரை அவர்களுக்கு வெளிநாடு. இதை நான் சொன்னதும் அவர், “அப்போ நாங்க காட்டுமிராண்டி, அதானே?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தென்கரையின் குறை கடை. ஊர்கள் சிறியவை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் மளிகைக் கடைகள் மூடியிருக்கும். நாங்கள் போனது ஞாயிறு. ரவை இருந்ததால் தப்பித்தோம். தண்ணீருக்குச் சைக்கிள்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக் குழாயைத் தேடுவது ஐரோப்பா முழுக்க வழக்கம், குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளலாம். “கல்லறைத் தண்ணியில உப்புமாவா?” என்று அவர் தயங்கினார். பசி ஜெயித்தது.

இரவுக்குத் தென்கரைதான், இதில் பேச்சே இல்லை. ரோசாட்ஸ்பாக்கில் ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடாரம் அடிக்கலாம். கண்ட இடத்தில் அடிக்க முடியாது. இந்த மாநிலத்தில் முகாமுக்கு வெளியே கூடாரம் போடுவதற்குத் தடை இருக்கிறது, அதனால் இடத்தை முன்பே பார்த்து வைப்பது நல்லது. நேர் எதிரே டுர்ன்ஷ்டைன், அந்த நீலக் கோபுரம், மேலே கோட்டை, எல்லாம் மாலை வெளிச்சத்தில். போன வருடம் கூட்டத்தில் இடிபட்டு நான் முழுதாகப் பார்க்காத ஊர். அவர் உப்புமாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இங்கிருந்து நல்லாதான் தெரியுது” என்றார். திருவையாற்றுக்காரர் வாயிலிருந்து வந்தது, தேதி குறித்து வைத்திருக்கிறேன். காலையில் பனியில் கூடாரம் தொப்பலாக நனைந்திருந்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இப்படிப் போகலாம். மெல்க்கிலிருந்து தென்கரையில் ஆர்ன்ஸ்டார்ஃப் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், காலை நிழலில். அங்கே ஷ்பிட்ஸுக்குப் படகு. அந்தப் படகுக்கு இன்ஜின் கிடையாது: ஆற்றுக்குக் குறுக்கே மேலே கம்பிவடம், அதில் படகைக் கட்டியிருக்கும், சாய்வாகத் திருப்பினால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். சத்தமில்லாமல் ஆறு நம்மைக் கொண்டுபோய் விடுவதற்காகவே கரை மாறலாம். வில்லென்டார்ஃப் விட்டுப்போகும், சிலையை வியன்னாவில் பார்த்துக்கொள்ளலாம். ஷ்பிட்ஸிலிருந்து டுர்ன்ஷ்டைன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே சிறு படகில் ரோசாட்ஸ்பாக்குக்குத் திரும்பி வந்து கூடாரம்.

படகுகள் இரவு வரை ஓடாது, வெள்ளம் வந்தால் நின்றுவிடும். அதனால் டுர்ன்ஷ்டைனில் கோட்டைக்கு ஏறுவதா, உட்கார்ந்து ஆப்ரிகாட் கொழுக்கட்டை சாப்பிடுவதா என்பதில் ஒன்றுதான் முடியும். அவர் கோட்டை என்பார்.