கிளாக் சிப்பைப் பார்த்துச் சொல்ல 800, போர்டுக்கு 3,000: ஆக மொத்தம் 3,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். இன்று மதியம்தான் ஊட்டியிலிருந்து மூன்றாவது தடவையாக வெறுங்கையோடு திரும்பினேன். வயிறு எரிகிறது. பழைய மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வைத்திருப்பது பழைய கம்ப்யூட்டர், பிராசசர் கோர் 2 டுயோ இ7500. அதற்கு மதர்போர்டு தரும் துடிப்பு, அதாவது அடிப்படை கிளாக், 266 மெகாஹெர்ட்ஸ், அதை 11-ஆல் பெருக்கினால் 2.93 கிகாஹெர்ட்ஸ். 266-ஐ 300-க்கு ஏற்ற முடிந்தால் அதே பிராசசர் 3.3-ல் ஓடும். ஆனால் என் போர்டு கம்பெனி செட்டோடு வந்தது, பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் போகும் அமைப்புத் திரையில்) அதற்கு வழியே கிடையாது. விண்டோஸுக்குள்ளிருந்தே ஏற்றுவதற்கு செட்எஃப்எஸ்பி என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. அதற்கு, போர்டில் இந்தத் துடிப்பை உண்டாக்கும் கிளாக் சிப்பின் நம்பரை நாம்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு சிப்புக்கும் உள்ளே ரெஜிஸ்டர்கள், அதாவது வேகத்தை எழுதிவைக்கும் இடங்கள், வேறு. தப்பான சிப்பைக் காட்டினால் மெஷின் அப்படியே நின்றுவிடும். என் போர்டிலோ இங்கத்திய ஈரத்தில் அந்த இடமே பச்சை பூத்துக் கிடந்தது, ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அதனால் சிப் நம்பர் தெரிந்த வேறு போர்டு தேடி ஊட்டியில் ஒரு பழைய பாகங்கள் கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் என் பிராசசர் உட்காரும் 775 சாக்கெட் போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். நான் கேட்குமுன்பே வெள்ளியாகப் பளபளக்கும் சின்னக் கிரிஸ்டல் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டி, "தம்பி, இது 14.318. இதுக்குப் பக்கத்துலதான் கிளாக் சிப் இருக்கும்" என்றார். நான் விழுந்த இடம் அதுதான். அவர் சொன்னது சரி. அந்தப் போர்டுகளில் 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கண்டுபிடித்தால் சிப் பக்கத்திலேயே இருக்கும். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வாரா என்று நினைத்துவிட்டேன். கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தார், கட்டைவிரலால் தூசியைத் துடைத்தார், "ஐசிஎஸ் 9எல்பிஆர்எஸ்365" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் பள்ளிப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். லென்ஸை இப்படிக் கொடுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 3,800 ரூபாய் என் பையிலேயே இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சாஃப்ட்வேரில் அந்த நம்பரைத் தேர்ந்தெடுத்தால், இப்போது ஓடும் வேகத்தையே கன்னாபின்னா என்று காட்டியது. அழுத்திப் பார்த்தேன், திரை உறைந்தது. மூன்று தடவையும் அதேதான். அப்புறம் சந்தேகம் வந்து போர்டைக் கழற்றி, சிப்பின் மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. ஆரம்பமே ஆர்டிஎம். ரியல்டெக் கம்பெனி சிப்! ஐசிஎஸ் கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேரின் பட்டியலில் அந்த நம்பரே கிடையாது.

போன் செய்தேன். "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்." மறுநாள் போனால் ஓனர் கோயம்புத்தூர் போய்விட்டாராம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. இரண்டாவது தடவை போனபோது, "சாஃப்ட்வேர் போட்டா வாரண்டி போயிடும் தம்பி" என்கிறார். அதற்காகத்தானே ஐயா விற்றீர்கள்! சிப்பைப் பார்த்துச் சொன்னதற்குத் தனியாக 800 வாங்கினீர்களே!

இன்றைக்கு நடந்ததுதான் உச்சம். மாற்றாக ஒரு எச்61 போர்டை நீட்டி, "இதுல இன்னும் நல்லா ஏறும்" என்றார். அது 1155 சாக்கெட், என் பிராசசர் அதில் உட்காரவே உட்காராது. தவிர, 2011-ல் வந்த அந்தத் தலைமுறையிலிருந்து கிளாக்கை போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தேடிப் படிக்கத் தனிச் சிப்பே இல்லை, 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம்தான் நகரும். இதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். பில் கேட்டால், பழைய சாமானுக்கு ஏது பில் என்கிறார்கள். ஆல்பம் வடிவமைத்துச் சேர்த்த 3,800 ரூபாய், அதோடு மூன்று தடவை பஸ் செலவு.

சரி, சொல்கிறேன் என்றேனே. சிப் நம்பரை உங்கள் கண்ணால் படியுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள். கிளாக் சிப்பின் கால்களில் டிஎம்இ என்று ஒரு பின் இருக்கிறது, போர்டு செய்தவர்கள் அதைப் பூட்டியிருந்தால் எந்த சாஃப்ட்வேராலும் ஏற்ற முடியாது. கடையிலேயே ஓட்டி, வேகம் ஏறுவதைக் காட்டிய பிறகே காசு கொடுங்கள். பில்லில் சிப் நம்பரை எழுதி வாங்குங்கள். இன்னும் எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன். 3,800-ல் ஒரு ரூபாய் குறைந்தாலும் வாங்க மாட்டேன்.