எக்ஸ்ரே தட்டில் வைக்காத கவர்: ஃபிலிம் கேமராவோடு எட்டு வருட விமானப் பயணம்

என் கேபின் பையின் மேல் ஜிப்பைத் திறந்தால் முதலில் கைக்குத் தட்டுப்படுவது ஒரு ஜிப்லாக் கவர். அரைக் கிலோ சர்க்கரை பிடிக்கும் அளவுதான். உள்ளே பதினைந்து ஃபிலிம் ரோல்கள். அட்டைப்பெட்டி கிடையாது, பிளாஸ்டிக் டப்பாவும் கிடையாது, வெறும் உருளைகள். கழுவாத ஃபிலிமை விமான நிலைய எக்ஸ்ரே கெடுத்துவிடலாம் என்பதால், கையால் சோதிக்கச் சொல்லி நீட்டத்தான் இந்த ஏற்பாடு. இந்த எளிய ஏற்பாட்டுக்கு வந்து சேர எனக்கு இரண்டு பயணமும் பதினோரு ரோலும் செலவாயின.

2017இல் தொடங்கி வியட்நாம், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பானுக்கு இரண்டு தடவை, இன்னும் ஓர் ஐரோப்பியப் பயணம் என்று ஆறு முறை ஃபிலிம் கேமராவோடு பறந்திருக்கிறேன். கூட வந்தது எப்போதும் நிக்கான் எஃப்எம்2. 50 எம்எம் லென்ஸ் ஒன்று, 28 எம்எம் ஒன்று. முதல் இரண்டு பயணங்களில் யாஷிகா மேட் 124ஜி என்ற இன்னொரு கேமராவும் கழுத்தில் தொங்கியது. அப்புறம் அது வீட்டிலேயே தங்கிவிட்டது, காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பதினோரு ரோல் கதை. ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது செக்-இன் கவுன்டரில் என் கேபின் பையை எடை போட்டார்கள். அனுமதி ஏழு கிலோ, தராசு காட்டியது ஒன்பதரை. பின்னால் நீண்ட வரிசை. நானும் அவசர அவசரமாகப் பெரிய பெட்டியைத் தரையில் விரித்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் திணித்தேன். ஸ்வெட்டர், சார்ஜர், சாக்லேட், அதோடு ஃபிலிம் பையும். பெட்டி பெல்ட்டில் ஏறி உள்ளே போய் ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. கேட்டுப் பார்த்தேன், திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். குறை சொல்ல வேறு ஆள் இல்லை, முழுக்க என் தப்பு.

ஊருக்கு வந்து, வழக்கமாக ஃபிலிம் கழுவிக்கொடுக்கும் லேப் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் ரோல்களைக் கொடுத்தேன். மறுநாள் அவர் நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பெரிய பெட்டியில போட்டுட்டியா?"

படமே எடுக்காத இடத்தில் நெகட்டிவ் தெளிவாக இருக்க வேண்டும். ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான் அவர் விரலால் காட்டினார். அங்கே புகை படிந்த மாதிரி ஒரு கருமை. இரண்டு ரோல்களில் அதற்கும் மேலே, அலை அலையாக ஒரு பட்டை ஃபிலிம் நீளத்துக்கும் ஓடியது. பெரிய பெட்டிகளைப் பார்க்கும் இயந்திரம் சந்தேகப்படும் இடத்தில் கதிரைக் குறுகலாகவும் கூர்மையாகவும் பாய்ச்சும். ஃபிலிம் சுருளாக இருப்பதால், நேர்கோடாகப் போன கதிர் சுருளைப் பிரித்துப் பார்க்கும்போது அலையாகத் தெரிகிறது. ஹாம்பர்க் ஷ்பைஷர்ஷ்டாட்டின் செங்கல் கிடங்குகள், நடுவே கறுத்த கால்வாய், மேலே இரும்புப் பாலம் என்று பார்த்துப் பார்த்து எடுத்த படங்கள். ஸ்கேன் செய்தால் கால்வாய் கறுப்பாக இல்லை, பாசி பிடித்த தொட்டி மாதிரி சாம்பல் பச்சையில் கிடந்தது.

நடப்பது இதுதான். ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்களுக்கு வெளிச்சமும் எக்ஸ்ரேயும் ஒன்றுதான், இரண்டுக்கும் எதிர்வினை காட்டும். ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்துக்கும் எதிர்வினை காட்டும் என்பதைச் சொல்லும் எண், கூடக் கூட ஃபிலிம் சீக்கிரம் பாதிக்கப்படும். படம் எடுத்த ரோலோ எடுக்காத ரோலோ, கழுவாத வரைக்கும் ஆபத்து சமம். கழுவி முடித்த நெகட்டிவை எத்தனை இயந்திரத்தில் விட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு விமான நிலையத்தின் கணக்கும் அதே ரோலில்தான் ஏறுகிறது.

ஆனால் எக்ஸ்ரே என்றாலே அலற வேண்டியதில்லை. கேபின் பைக்கான பழைய வகை இயந்திரங்கள் அவ்வளவு மோசம் இல்லை. வியட்நாம் பயணத்தில் சாதாரண கோடாக் கோல்ட் 200 கொண்டுபோனேன். சென்னையில் ஒரு முறை, சிங்கப்பூரில் விமானம் மாறும்போது கேட் வாசலில் ஒரு முறை, திரும்பும்போது ஹோ சி மின் நகரில், மறுபடி சிங்கப்பூரில் என்று மொத்தம் நான்கு முறை இயந்திரத்துக்குள் போய் வந்தது. அதே சமயம் வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் விட்டிருந்த ரோலையும் எடுத்துக் கழுவி, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐஎஸ்ஓ 800க்குக் கீழே இருந்தால் சில முறை தாங்கும் என்று அப்போது எல்லோரும் சொன்னது என் அனுபவத்தில் சரிதான். ஆனால் 400 ஃபிலிமை 1600 என்று வைத்துப் படமெடுத்து, கூடுதல் நேரம் கழுவப் போகிறீர்கள் (இதைத்தான் புஷ் செய்வது என்பார்கள்) என்றால், அதை 1600 ஃபிலிமாகவே நினைத்துப் பாதுகாக்க வேண்டும். புஷ் செய்யும்போது படத்தோடு புகையும் சேர்ந்து ஏறும்.

அந்தக் கணக்கையெல்லாம் மாற்றியது சிடி ஸ்கேனர். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எடுப்பார்களே, அதே தொழில்நுட்பம். பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதால் கதிரின் அளவு அதிகம். சாதாரணப் பயணிக்கு இது வரம், லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம். நமக்குத்தான் தலைவலி. ஒரே முறை போனாலும் கழுவாத ஃபிலிம் கெடக்கூடும் என்று கோடாக் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி நான்காவது முனையத்தில் 2017இல் திறந்தபோதே இதை வைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்போது வேகமாகப் பரவிவிட்டது.

அடையாளம் காண்பது எளிது. பழைய இயந்திரம் பெட்டி மாதிரி சதுரமாக, வாயில் ரப்பர் பட்டைகள் தொங்க நிற்கும். சிடி பெரும்பாலும் பருமனாக, உருண்ட உடம்போடு இருக்கும், ஸ்மித்ஸ், அனலாஜிக் என்று ஏதாவது பெயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அதைவிடச் சுலபமான வழி, வரிசையில் நிற்கும்போதே காதைத் தீட்டிக்கொள்வது. "லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கட்டும்" என்று ஊழியர் சொன்னால் அது சிடியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாக மேல் ஜிப்புக்குப் போய்விடும்.

கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பதில் ஊருக்கு ஊர் அனுபவம் வேறு. சென்னையில் சிஐஎஸ்எஃப் இளைஞர் ஒருவர் ரோலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "சார், இது இன்னும் கிடைக்குதா? எங்க அப்பா கல்யாண ஆல்பம் இதுலதான் எடுத்தது" என்றார். பின்னால் இருந்த பெரியவர் பொறுமை இழந்து செருமும் வரைக்கும் பேச்சு நீண்டது. அமெரிக்காவில் இது அன்றாட விஷயம். அங்கே விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் டிஎஸ்ஏவே கழுவாத ஃபிலிமைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறது. கேட்டதும் கவரை வாங்கி, ஒரு துணிப்பட்டையால் உருளைகளைத் துடைத்து, வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவிக்குள் அந்தப் பட்டையைச் செருகினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஜப்பானில் "ஃபிருமு, ஹாண்டோ செக்கு, ஒனெகாய் ஷிமாசு" என்று நான் உளறியதற்கே அந்த அம்மா இரண்டு கையாலும் கவரை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ரோலாகப் பார்த்து, அதே வரிசையில் திரும்ப அடுக்கிக் கொடுத்தார்.

எல்லா இடமும் அப்படி இல்லை. ஓர் ஐரோப்பிய விமான நிலையத்தில், பெயர் வேண்டாம், மேற்பார்வையாளர் வரைக்கும் கெஞ்சிப் பார்த்தேன். "எண்ணூறுக்குக் கீழே எதுவும் ஆகாது" என்ற ஒரே பதில். அது பழைய இயந்திரத்துக்கான கணக்கு, இங்கே இருப்பது சிடி என்றேன். முகத்தில் சலனமே இல்லை. இல்ஃபோர்டு ஹெச்பி5 ஐந்து ரோல் உள்ளே போயின. படங்கள் முழுதாகப் போய்விடவில்லை, நிழல் பகுதிகள் சோர்ந்து, மழைநாள் சுவர் மாதிரி ஆகிவிட்டன. பிரிண்ட் போடும்போது கான்ட்ராஸ்டை ஏற்றிச் சமாளித்தேன். அங்கே ஒரு பாடம் படித்தேன்: பை தட்டில் ஏறிய பிறகு கேட்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டம் குறைந்த வரிசையில், சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். விமானத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் சிரிப்பு தானாக வரும்.

கவரில் மேலாகத் தெரியும்படி ஐஎஸ்ஓ கூடிய டெல்டா 3200 ரோல் ஒன்று வைத்திருப்பேன். 3200 என்ற எண்ணைப் பார்த்ததும் பல ஊழியர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. தந்திரம் என்று நினைக்க வேண்டாம், ராத்திரித் தெருக்களுக்கு உண்மையிலேயே அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காசைக் கொட்டியதில் வீணானது, எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்று வாங்கிய ஈயப் பை. திரையில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்ததும் பையை நிறுத்தினார்கள், திறந்தார்கள், ஃபிலிமை வெளியே எடுத்துத் தனியாக மறுபடி உள்ளே விட்டார்கள். வாங்கியதன் நோக்கமே போச்சு. இப்போது அதில் பழைய பூட்டுச் சாவிகள் கிடக்கின்றன.

கேமராவுக்குள் ஃபிலிமோடு சோதனைக்கு வராதீர்கள். ஒரு நிலையத்தில் ஊழியர் எஃப்எம்2வை வாங்கி, என்ன ஏது என்று கேட்காமல் பின்கதவைத் திறக்கப் போனார். நல்லவேளை, கதவைத் திறக்க ரீவைண்ட் குமிழை இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து விமான நிலையம் போகும் டாக்ஸியிலேயே மிச்ச ஃப்ரேம்களைச் சுட்டுத் தீர்த்து, ரோலை முழுசாக உள்ளே சுற்றிவிடுவேன். என்னிடம் இருக்கும் டாக்ஸி ஜன்னல் படங்களை வைத்துத் தனி ஆல்பமே போடலாம்.

எஃப்எம்2வைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுவது. இரண்டு எல்ஆர்44 பேட்டரியும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். ஜெர்மனிக் குளிரில் மீட்டர் படுத்துவிட்டது, கேமரா பாட்டுக்கு ஓடியது. யாஷிகாவோ ஒரு கிலோவுக்கு மேல் கனம். ஏழு கிலோ கணக்கில் ஒரு கிலோ என்பது பெரிய விஷயம். அதை விட்டுவிட்டு வந்ததில்தான் ஃபிலிம் பை பெரிய பெட்டிக்குப் போகும் ஆபத்தே ஒழிந்தது. லென்ஸ்கள் இப்போது என் ஜாக்கெட் பாக்கெட்டில் பறக்கின்றன, ஆளை யாரும் எடை போடுவதில்லை. ட்ரைபாட் பெரிய பெட்டியில். சுங்கத்தில் என் பழைய கேமராவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விலை கூடிய உருப்படி கொண்டுபோகிறவர்கள் கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாக்குவாதம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, கடைசி ஜப்பான் பயணத்தில் முறையையே மாற்றினேன். ஊரிலிருந்து கறுப்பு வெள்ளை ரோல் ஐந்து மட்டும். கலர் ஃபிலிம் எல்லாம் டோக்கியோ ஷின்ஜுகுவில் இருக்கும் யோடோபாஷி கடையில் வாங்கினேன், கிளம்புவதற்கு முன்பே கிட்டமுரா என்ற ஃபோட்டோ கடையில் கொடுத்துக் கழுவி வாங்கிவிட்டேன். கலர் அங்கே சீக்கிரம் கிடைக்கும். கறுப்பு வெள்ளையை வெளியே அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும், அதனால் அதை நம் லேப் அண்ணனுக்கே ஒதுக்கினேன். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் ராத்திரி ஹோட்டல் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்து, சரியாக வராத படத்தை மறுநாள் காலை போய் மறுபடி எடுக்க முடிந்தது. ஃபிலிமில் அந்தச் சுகம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் வரிசை வந்தபோது பழக்க தோஷத்தில் கையில் இருந்த கவர் இரண்டையும் சேர்த்தே நீட்டினேன். ஊழியர் முதல் கவரில் இருந்த ஐந்து ரோலையும் துடைத்துப் பார்த்துக் கொடுத்தார். இரண்டாவதைத் திறந்தால் நெகட்டிவ் தாள்கள். ஒன்றை உருவி விளக்குக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனோஷிமா?" என்றார். ஆமாம், அந்தத் தீவுதான் என்றேன். சிரித்துக்கொண்டே அதை மட்டும் பெல்ட்டில் வைத்து உள்ளே அனுப்பினார்.