ஓடும் தண்ணீரில் ஏழு வருடம்: கழிமுகக் கரைத் தூண்டில் அனுபவம்

முதல் வருடம் நான் மீன் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. ஈயக்குண்டு மேய்த்தேன். இடது பக்கம் வீசுவேன்; குண்டு அடியில் உருண்டுகொண்டே வந்து வலது பக்கப் பாறையில் போய்ச் சொருகிக்கொள்ளும். அறுப்பேன், வேறு கட்டுவேன், மறுபடி வீசுவேன். குளத்திலும் அலையில்லாத கடற்கரையிலும் பழகிய கைக்கு, கடல் ஏறும்போது உள்நோக்கியும் வற்றும்போது வெளிநோக்கியும் ஓடுகிற கழிமுகம் வேறு விளையாட்டு.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாள், பாதி வற்றத்தில் ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையோடு கூடவே நடந்தேன். எட்டிப் போட்டு நடந்தால்தான் குச்சிக்குச் சமமாகப் போக முடிந்தது. நொடிக்கு ஒன்றரை மீட்டர் இருக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் தூண்டில் நரம்பின் மேல் விழும் இழுவை நான்கு மடங்காகும். பழகாதவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நானும் 100 கிராம் நிற்கவில்லை என்று 150 போட்டேன், 150 நிற்கவில்லை என்று 200 போட்டேன். ராட் வில்லாக வளைந்ததே தவிர குண்டு நின்றபாடில்லை.

கோளாறு குண்டில் இல்லை, நரம்பில் இருந்தது. அப்போது 0.45 மில்லிமீட்டர் தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, போட்டிருந்தேன். ஐம்பது அறுபது மீட்டர் நரம்பு தண்ணீருக்குள் கிடந்தால் ஓட்டம் பிடித்து இழுப்பது குண்டை அல்ல, அந்த நரம்பைத்தான். பல இழை பின்னிய 0.22 பிரெய்டு நரம்புக்கு மாறிய அன்றே 150 கிராம் போதுமானதாகிவிட்டது. தடிமன் பாதியானால் இழுவையும் ஏறக்குறைய பாதி. ஏழு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

பிரெய்டுக்குக் குறையே இல்லையா? நிறைய உண்டு. சிப்பி ஒட்டிய பாறையில் லேசாக உரசினாலும் போய்விடும். காற்றடிக்கிற நாளில் தொய்வாகச் சுற்றினால் அடுத்த வீச்சில் குருவிக்கூடு மாதிரி முடிச்சு விழும். சிக்கிக்கொண்டால் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். நான் ஒரு மரக்கட்டையில் சுற்றித்தான் இழுப்பேன். அப்புறம், வெறும் ஸ்பூலில் பிரெய்டைச் சுற்றினால் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல்தான் ஏற்ற வேண்டும். முதல் பிரெய்டு இரண்டு வருடத்தில் சாயம் போய், முன்பக்கம் பஞ்சு பஞ்சாகிவிட்டது. தூக்கி எறியாமல் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினேன். உள்ளே கிடந்த பாதி புதிதுபோல இருந்தது, இன்னொரு இரண்டு வருடம் ஓடியது.

பிரெய்டின் முன்னால் லீடர், அதாவது தடித்த தங்கூசித் துண்டு, கட்டாமல் வீசாதீர்கள். 150 கிராம் குண்டை முழு பலத்தோடு வீசும்போது மெல்லிய பிரெய்டு அறுந்தால் அந்த ஈயம் எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. குண்டின் ஒரு அவுன்சுக்குப் பத்து பவுண்டு தாங்கும் லீடர் என்பது பழைய கணக்கு. 150 கிராம் ஐந்து அவுன்சைக் கொஞ்சம் தாண்டும், எனவே அறுபது பவுண்டு தங்கூசி. ராட் நீளத்தைப்போல இரண்டு மடங்கும், அதற்கு மேல் ரீலில் நாலைந்து சுற்றும் இருக்கட்டும்.

சரி, குண்டுக்கு வருவோம். உருண்டை வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் குண்டைத்தான் ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். நங்கூரம் மாதிரி கம்பிகள் மணலைக் கொத்திப் பிடித்துக்கொள்ளும். பலமாக இழுத்தால் பின்பக்கம் மடங்கி விட்டுவிடும். ஆனால் வெறுமனே வீசிவிட்டு நரம்பை விறைப்பாக இழுத்து வைத்தால் இதுவும் நிற்காது. ஓட்டம் வருகிற பக்கமாகச் சாய்த்து வீச வேண்டும். குண்டு அடியைத் தொட்டதும் இன்னும் பதினைந்து இருபது மீட்டர் நரம்பை விட்டுக் கொடுத்து, அது ஓட்டத்தில் வில்லாக வளைந்ததும் ரீலைப் பூட்ட வேண்டும். விறைத்த நரம்பு குண்டை மேலே தூக்கப் பார்க்கும்; வளைந்த நரம்பு தரையோடு இழுக்கும், கம்பி இன்னும் ஆழமாக இறங்கும். பூட்டியதும் ராட் நுனி இரண்டு மூன்று முறை அசைந்துவிட்டு ஒரே வளைவில் நின்றுவிட்டால் குண்டு பிடித்துவிட்டது.

இந்த முறையில் மீன் கடிப்பதும் தலைகீழாகத் தெரியும். ராட் கீழே இழுபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடப்பது என்னவென்றால், வளைந்து நிற்கும் நுனி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நேராக நிமிரும். நரம்பு தொய்ந்து தண்ணீரோடு போகும். மீன் இரையைக் கவ்வி நகரும்போது குண்டின் கனமே தூண்டில் முள்ளை வாயில் ஏற்றிவிடும், கம்பிகளும் பிடி விட்டுவிடும். முதல் சில தடவை குண்டு நழுவிவிட்டது என்று நினைத்து நிதானமாகச் சுற்றிப் பெரிய மீன்களைக் கோட்டைவிட்டேன். இப்போது நுனி நிமிர்ந்தால் கனம் கையில் தெரியும்வரை வேகமாகச் சுற்றுவேன். கொடுவா என்றால் பெரும்பாலும் முதல் துள்ளலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கெளுத்தி தலையை ஆட்டிக்கொண்டே வரும். அதன் மேல்முள்ளிலும் பக்கமுள்ளிலும் விஷம் இருப்பதால் குறடு இல்லாமல் தொடுவதில்லை.

இந்தக் குண்டின் பலவீனம் கம்பிதான். மடங்கி மடங்கி அடிப்பக்கத்தில் அலுத்து ஒடியும். சில மாதத்துக்கு ஒருமுறை நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்க்கிறேன். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், பல்லால் கடிக்கவும் வேண்டாம்.

ராட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதின்மூன்று அடி, இதுவரை குறையில்லை. நீளம் வீச்சுக்காக மட்டுமில்லை, உயர நிறுத்தி வைத்தால் தண்ணீரில் கிடக்கும் நரம்பு குறையும் என்பதற்காகவும்தான். ராட்டில் நரம்பு ஓடும் வளையத்தின் பீங்கான் உள்விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்து, அது தெரியாமல் ஒரு மாதம் பிரெய்டைப் பாழாக்கினேன். பஞ்சுத் துணுக்கால் வளையத்துக்குள் துடைத்துப் பாருங்கள். நார் சிக்கினால் வளையத்தை மாற்றிவிடுங்கள்.

ரீலில் முதலில் பழுதாவது நரம்பு ஓடும் உருளை. உப்பும் வண்டலும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். கழுவுகிறேன் என்று குழாயைப் பீய்ச்சி அடித்து உப்பை உள்ளேயே ஏற்றியது நான் செய்த தப்பு. இப்போது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக் கொடுக்கும் டிராகை இறுக்கிப் பூட்டிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடைத்து, உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். காய்ந்ததும் டிராகைத் தளர்த்திவிடுவேன்.

நேரம் பார்ப்பதுதான் எனக்கு இன்னும் முழுதாகக் கைவராத பாடம். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பது சுலபம். ஆனால் ஏற்ற வற்ற அட்டவணையில் உள்ள நேரம் கடலோரத்துக்கானது. உள்ளே தாமதமாகத்தான் வரும். நீர்மட்டம் உச்சம் தொட்டதும் ஓட்டம் நின்றுவிடும் என்பதும் இல்லை. நான் நிற்கும் இடத்தில் மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் கால்மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதுவும் ஓய்ந்து ஓட்டம் திரும்புகிற முதல் அரைமணி எனக்கு அதிக மீன் தந்திருக்கிறது. வற்றம் முற்றினால் சருகும் பாசியும் நரம்பில் தோரணம் கட்டும், அப்போது மூட்டை கட்டிவிடுவேன்.

ஒருமுறை ஏற்றத்தின்போது மணல்திட்டில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் இருந்த பள்ளம் நிரம்பியதைக் கவனிக்கவில்லை. இடுப்பளவு ஓட்டத்தில் கரை சேர்ந்தபோது கால் நடுங்கியது. அதிலிருந்து திட்டுக்குப் போவதில்லை. கரையில் நின்றாலும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

உருளையை இரண்டாவது முறையாக மாற்றிவிட்டேன், ரீல் இன்னும் ஒரு வருடம் தாங்கும். பிரெய்டு மட்டும் இந்த மழைக்கு முன் புதிது ஏற்ற வேண்டும். இந்த முறை 0.18 போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.