பேஸிக்கா, ஸ்டாண்டர்டா, பிரீமியமா: பால் கணக்குக்கு எந்த சர்விஸ் பஸ் பிளான்?

நாங்கள் கிளிநொச்சியில் இருந்து செய்கிற வேலை, பால் சேகரிப்பு நிலையங்களுக்கான கணக்கு மென்பொருள். விடியக் காலை பண்ணையாளர் கானோடு வருவார், நிலையத்தில் இருக்கிற பிள்ளை லீற்றர் அளந்து, பாலின் அடர்த்தி காட்டுகிற லக்டோமீற்றர் போட்டுப் பார்த்து, கொழுப்பு வீதத்தையும் சேர்த்துப் போனில் பதிவாள். அந்த ஒரு பதிவு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: பண்ணையாளருக்கு எஸ்எம்எஸ், பால் சங்கத்தின் கணக்கு, பால் ஏற்றிப்போகிற பவுசர் லொறியை அனுப்புகிறவரின் திரை. நடுவில் நின்று இதை வாங்கி வைத்து ஆளாளுக்குக் கொடுக்கிற வேலைக்கு மைக்ரோசொஃப்டின் அஸூர் சர்விஸ் பஸ்ஸைப் பிடித்தோம். அதில் மூன்று பிளான் இருக்கிறது. நாங்கள் முதலில் பிழையானதை எடுத்தோம், பிறகு மாற்றினோம், அதனால் இதை எழுதுகிறேன்.

விலையைப் பேசி முடித்துவிடுவோம். பேஸிக்கில் மாத வாடகை கிடையாது, பத்து லட்சம் செயல்பாட்டுக்கு (செய்தியை அனுப்புவது, எடுப்பது போன்ற ஒவ்வொன்றும் ஒரு செயல்பாடு) 5 அமெரிக்க சதம். ஸ்டாண்டர்டுக்கு மாதம் 10 டொலர் அளவில் அடிப்படைக் கட்டணம், அதற்குள் 1 கோடியே 30 லட்சம் செயல்பாடு அடக்கம். பிரீமியம் செயல்பாடுகளை எண்ணுவதில்லை, உங்களுக்கென்று ஒதுக்கித் தருகிற கணினிப் பங்குக்கு, அதாவது மெசேஜிங் யூனிட்டுக்கு, மணித்தியாலக் கணக்கில் வாங்கும், ஒரு யூனிட் மாதம் முழுக்க ஓடினால் 670 டொலர் அளவில் வந்து நிற்கும். டொலரை 300 ரூபாவாக வைத்தாலே இரண்டு லட்சம் ரூபா. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்தில் 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள், டொலரில் வருகிற எந்தப் பில்லையும் ஒரு சங்கத்தின் தலையில் கட்டுவதற்கு முன் பத்துத் தரம் யோசிக்கத்தான் வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பண்ணையாளர், காலையும் மாலையும், முப்பது நாள் என்றால் 60,000 பதிவு. செயல்பாடு என்பது வேறு எண்ணிக்கை, அனுப்புவது ஒன்று, எடுப்பது ஒன்று, வேலை முடிந்தது என்று சொல்வது இன்னொன்று. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கியூ, அதாவது செய்திகள் எடுக்கும்வரை காத்திருக்கிற வரிசை, என்று வைத்து மூன்று கியூவுக்கும் தனித்தனியே அனுப்பினால் ஒரு பதிவுக்கு ஒன்பது செயல்பாடு, மாதம் 540,000. பேஸிக்கில் இதற்கு மூன்று சதம்கூட வராது. எங்களுக்கு அப்போது கண் மங்கியது இந்த இடத்தில்தான், மூன்று சதத்துக்கு முடிகிற வேலைக்கு ஏன் 10 டொலர் கொடுப்பான் என்று பேஸிக்கையே எடுத்துவிட்டோம்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு நிலையம். சிக்னல் வரும், போகும். போன் பதிவை அனுப்புகிறது, சர்விஸ் பஸ் வாங்கிக்கொள்கிறது, ஆனால் வாங்கிவிட்டேன் என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் விழுந்துவிடுகிறது. போனுக்கு அது தெரியாது. சிக்னல் வந்தவுடன் அதே பதிவைத் திரும்ப அனுப்புகிறது. அடுத்த நாள் காலை ஓர் அம்மா பால் அட்டையையும் போனையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, நான் ஆறரை லீற்றர்தான் குடுத்தனான், பதின்மூண்டு எண்டு மெசேஜ் வந்திருக்கு." கூட வந்ததை ஏன் அம்மா சொல்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். "கூட வரேக்கை சொல்லாம விட்டா, குறைய வரேக்கை எந்த வாயால கேக்கிறது?" அன்றிரவே நாங்கள் மூன்று பிளானையும் திரும்ப எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

ஒரே செய்தி இரண்டாம் தரம் வந்தால் கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிற வசதி பேஸிக்கில் இல்லை. ஸ்டாண்டர்டிலும் பிரீமியத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் நாங்கள் கொடுக்கிற அடையாள எண்ணை அது குறிப்பிட்ட நேரத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும், அதே எண் திரும்ப வந்தால் வாங்கியதுபோல் பதில் சொல்லிவிட்டு உள்ளே விடாது. எவ்வளவு நேரம் என்பதில் கவனம் வேண்டும். தானாக வருவது 10 நிமிடம், அதை 20 விநாடியில் இருந்து 7 நாள் வரை மாற்றலாம். அலுவலகத்துக்குள் ஓடுகிற கணினிக்குப் பத்து நிமிடம் தாராளம், ஆனால் ஒட்டுசுட்டான் உள்ளூரில் காலையில் கரண்ட் போய், டவரும் படுத்து, பின்னேரம்தான் போனுக்கு உயிர் வருகிறது என்றால் பத்து நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை. நாங்கள் இரண்டு நாள் வைத்திருக்கிறோம். கியூவையோ, கீழே சொல்லப்போகிற டொபிக்கையோ உருவாக்கும்போதே இந்த வசதியைப் போட்டுவிட வேண்டும், ஏற்கனவே ஓடுகிற ஒன்றில் பிறகு போட முடியாது.

இது அனுப்புகிற பக்கத்துக்கு மட்டும்தான் காவல். எடுக்கிற பக்கத்தில், எங்கள் கணக்கு நிரல் செய்தியை மற்றவர் எடுக்காதபடி பூட்டி எடுத்துக்கொண்டு நடுவில் நின்றுபோனால், பூட்டுக் காலம் முடிந்து அதே செய்தி அடுத்த கைக்குப் போகும். பிரீமியத்துக்கு இரண்டு லட்சம் கொடுத்தாலும் இதே கதைதான். அதனால் தரவுத்தளத்தில் பதிவு எண்ணை ஒருமுறைதான் ஏற்கும்படி வைப்பதை எந்த பிளானிலும் தவிர்க்க முடியாது. இதை ஒழுங்காகச் செய்தால் பேஸிக்கிலேயே சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், சங்கத்தின் கணக்குக்கு அது சரி. எஸ்எம்எஸ் அனுப்புகிற பக்கத்திலும் அதே காவலைத் திரும்ப எழுதவேண்டி வரும், பவுசர் பக்கத்திலும் எழுதவேண்டி வரும்.

அடுத்தது டொபிக். பேஸிக்கில் கியூ மட்டும்தான், ஒரு செய்தியை ஓர் ஆள்தான் எடுக்கலாம். அதனால் போன் மூன்று தரம் அனுப்ப வேண்டும், இரண்டு போய் மூன்றாவது அனுப்புகையில் சிக்னல் விழுந்தால் எஸ்எம்எஸ் போயிருக்கும், கணக்கில் பால் இருக்காது. ஸ்டாண்டர்டில் போன் டொபிக்குக்கு ஒரே ஒரு தரம் அனுப்புகிறது, அதன் கீழ் இருக்கிற சந்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி போகிறது. நாளைக்குக் கால்நடை வைத்தியருக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று சங்கம் கேட்டால் நாலாவது சந்தாவைத் திறந்தால் போதும், துணுக்காயிலும் முழங்காவிலிலும் இருக்கிற போன்களைத் தொடத் தேவையில்லை. எனக்கு 10 டொலருக்கு இது ஒன்றே போதும்.

ஸ்டாண்டர்டில் இலவசமாக வருகிற அந்த 1 கோடியே 30 லட்சத்தை வீணாக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. எச்டிடிபி (இணையப் பக்கங்கள் வருகிற அதே முறை) வழியாக நொடிக்கு ஒருமுறை ஏதாவது வந்ததா என்று கேட்கிற நிரல் எழுதினால், வெறுங்கையோடு திரும்பும் கேள்வியும் செயல்பாடுதான். மூன்று சந்தாவுக்கும் சேர்த்து மாதம் 7,776,000, பாதிக்கு மேல் காலி. ஒரு தரம் கேட்டுவிட்டு 60 விநாடி காத்திருக்கச் சொன்னால் அதே வேலை 129,600இல் முடிகிறது.

சரி, பிரீமியம் யாருக்கு? ஸ்டாண்டர்டில் நீங்கள் மற்றவர்களோடு ஒரே கணினியைப் பகிர்கிறீர்கள், அதனால் வேகம் கூடிக் குறையும், நொடிக்கு 1,000 கிரெடிட் (செயல்பாடுகளுக்குக் கழிகிற புள்ளி) என்ற எல்லையும் உண்டு, தாண்டினால் கொஞ்சம் பொறு என்று திருப்பி அனுப்பிவிடும். வங்கிப் பணப் பரிமாற்றம் போல ஒவ்வொரு செய்தியும் ஒரே வேகத்தில் போயே ஆக வேண்டும் என்றால், அல்லது இணையத்தில் வெளித்தெரியாமல் தனி வலையமைப்புக்குள்ளேயே ஓட வேண்டும் என்றால், அல்லது ஜாவா நிரல்மொழியின் ஜேஎம்எஸ் 2.0 என்ற செய்தி அனுப்பும் முறையில் எழுதிய பழைய மென்பொருளை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றால் பிரீமியம்தான் வழி. எங்கள் போன்கள் பொது மொபைல் வலையில்தான் நிற்கின்றன, எஸ்எம்எஸ் மூன்று விநாடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. இலங்கையில் அஸூருக்குப் பிராந்தியம் (அதன் கணினிகள் இருக்கிற இடம்) இல்லாதபடியால் எங்கள் செய்தி எப்படியும் கடல் தாண்டிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோதான் போகிறது, அந்தத் தூரத்தை பிரீமியம் குறைத்துத் தராது.

பால் அட்டையின் படத்தையும் செய்தியோடு அனுப்புவதற்காக பிரீமியம் எடுக்கலாமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். பேஸிக்கிலும் ஸ்டாண்டர்டிலும் ஒரு செய்தி 256 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும், பிரீமியத்தில் 100 மெகாபைட் வரை போகலாம் என்பது உண்மை. அதற்காக 670 டொலர் கொடுக்காதீர்கள். அட்டையின் படத்தைச் சேமிப்பகத்தில் போட்டு, அதன் முகவரியை மட்டும் செய்தியில் வைத்தால் வேலை முடிந்தது.

பிறகு வளர்ந்தால் மாறிக்கொள்ளலாமா என்பதற்குப் பதில், ஸ்டாண்டர்டில் இருந்து பிரீமியத்துக்குப் போக வழி இருக்கிறது. புதிதாக ஒரு பிரீமிய இடம் திறந்து, கியூ டொபிக் அமைப்பெல்லாம் அங்கே பிரதியாகி, பழைய பெயரே புதிய இடத்தைக் காட்டும், போன்களில் ஒன்றும் மாற்ற வேண்டாம். உள்ளே கிடக்கிற செய்திகள் மட்டும் கூடப் போகாது, பழைய இடத்துக்குக் கொடுத்த மாற்றுப் பெயரால் போய் நீங்களே எடுத்து முடிக்க வேண்டும். பிரீமியத்தில் இருந்து கீழே இறங்குகிற வழி கிடையாது, அதனால் பெரிதாக வாங்கிப் பார்த்துவிட்டுக் குறைப்போம் என்ற எண்ணம் இங்கே சரிவராது.

பேஸிக்கை ஒரேயடியாகத் தள்ளவில்லை. உழவு இயந்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு, மறுநாள் வேலை யாருக்கு என்று இரவு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிற சின்ன மென்பொருள் செய்து கொடுத்தோம். அனுப்புவது ஓர் இடம், எடுப்பது ஓர் இடம், இரண்டு தரம் வந்தாலும் கேடில்லை. அது இன்றைக்கும் பேஸிக்கில்தான் ஓடுகிறது.