கன்சோலின் கடைசிக் கட்டம்: மடிப்பை அணைப்பதா, நேரடியாக எழுதுவதா?

விண்டோஸ் கன்சோல் (எழுத்து மட்டும் காட்டும் சாளரம்) பஃபரின், அதாவது அதன் எழுத்துகளைத் தாங்கும் நினைவகத்தின், கீழ்வலது மூலையில் ஓர் எழுத்தை வைத்ததுமே, இயல்பான அமைப்பில் எல்லாமே ஒரு வரி மேலே உருண்டுவிடும். அசெம்பிளியில் (செயலிக் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) சட்டகம் வரைபவர்கள் இடறும் இடம் இது.

முதல் வழி, மடிப்பை, அதாவது வரி நிறைந்ததும் எழுத்து தானாக அடுத்த வரிக்குப் போவதை, அணைப்பது. கன்சோலின் அமைப்பைப் படிக்கும் கெட்கன்சோல்மோட் சார்பு தரும் மதிப்பில் 2 என்ற பிட்டை மட்டும் ஆண்ட் கட்டளையால் நீக்கி, அமைப்பை மாற்றும் செட்கன்சோல்மோடுக்குக் கொடுங்கள். சோம்பல்பட்டு 0 கொடுத்தால் 1 என்ற பிட்டும் போய்விடும். பிறகு புதுவரிக் குறி வேலை செய்யாது. மடிப்பு அணைந்தால், மிஞ்சும் எழுத்துகள் வரியின் கடைசிக் கட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வெளியேறும்போது பழைய மதிப்பை மறக்காமல் திருப்பி வையுங்கள்.

இரண்டாவது வழி, ரைட்கன்சோல்அவுட்புட்கேரக்டர் என்ற சார்பு. கர்சரைத் தொடாமல் பஃபரில் எழுதுவதால் திரை உருளவே உருளாது. 64 பிட் நிரலில், எழுத வேண்டிய இடத்தை ஆர்9டி பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒரே எண்ணாகத் தர வேண்டும்: கீழ் 16 பிட் நெடுவரிசை, மேல் 16 பிட் வரிசை. ஐந்தாவது அளவுரு ஸ்டேக்கில் (நிரலின் தற்காலிக நினைவக அடுக்கு), அதன் உச்சியிலிருந்து 32 பைட் தள்ளி. ஒரு எச்சரிக்கை: நீளமான சரம் அடுத்த வரியில் தொடரும், வெட்டுவது உங்கள் பொறுப்பு.

மெனு, சட்டகம் என்றால் நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன். வரிவரியாக ஓடும் உரைக்கு முதலாவது போதும்.