சின்ன வியாபாரத்துக்கு வெப்சைட்: பேஸ்புக் போதுமா, ஷோப்பியா, விக்ஸா, வேர்ட்பிரஸா?

பினாங்குல நம்ம ஆளுங்க வியாபாரம் ஆரம்பிச்சா மொதல்ல ஒரு பேஸ்புக் பேஜ், ஒரு வாட்ஸ்அப் நம்பர், கேன்வால செஞ்ச ஒரு பிளையர், அவ்ளோதான் கடை தொறந்தாச்சு. வீட்டுல முறுக்கு அதிரசம் போடுற அக்காவுக்கும் சரி, லிட்டில் இந்தியாவுல மால கட்டுற கடைக்கும் சரி, கல்யாண மேக்கப் பண்ற பொண்ணுக்கும் சரி, இதே கததான். ஆரம்பத்துக்கு அது போதும். ரெண்டு மூணு வருஷம் ஓடினதுக்கு அப்புறம் வெப்சைட் ஒண்ணு போடலாமான்னு கேக்க ஆரம்பிப்பாங்க, அப்போதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி கொழப்பி விட்டுடுறாங்க. அதனால இருக்கிற வழிய எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துடலாம். நான் எந்த பக்கம்னு இப்பவே சொல்லிடறேன். எந்த பிளாட்ஃபார்ம்ங்கிறது ரெண்டாவது விஷயம், டொமைன் பேரும் (வெப்சைட்டோட அட்ரஸ்) கஸ்டமர் லிஸ்ட்டும் உங்க கையில இருக்கணும், அதுதான் மொதல்.

பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டாக்ல இருந்து ஆரம்பிப்போம். எண்ணெயில முறுக்கு புழியிற வீடியோவ பாத்துட்டு ஆர்டர் பண்ற மாதிரி எந்த வெப்சைட்டும் பசிய கெளப்பாது, அத ஒத்துக்கணும். வாட்ஸ்அப் பிஸ்னஸ் ஆப்பும் இலவசம், கேட்டலாக்ல 500 பொருள் வரைக்கும் படத்தோட வெலையோட போடலாம், நெறைய பேர் அத தொறந்து பாக்கிறதே இல்ல. ஆனா தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அந்த அக்காவோட போன வாங்கி பாருங்க. "அக்கா ஒரு டின் எவ்ளோ?", "பட்டர்வொர்த் டெலிவரி இருக்கா?", "நெய் உருண்ட முட்ட போடாததுதானே?", "கடைசி ஆர்டர் எப்போ?", இதே நாலு கேள்வி வேற வேற நம்பர்ல இருந்து வரிசையா நிக்கும், அக்கா ராத்திரி அடுப்ப அணைச்சிட்டு ஒக்காந்து ஒவ்வொருத்தருக்கும் அதே பதில அடிச்சிட்டு இருப்பாங்க. பதில் எல்லாம் பிளையர்ல இருக்கே அக்கான்னு கேட்டா, பிளையர் போன வாரம் போட்டது, பேஜ்ல கீழ போயிடுச்சு, அதுக்குள்ள டின் வெலையும் மாறிடுச்சு.

இன்னொண்ணு, ஒரே மெசேஜ நெறைய பேருக்கு அனுப்புற வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பர தன்னோட போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் மெசேஜ் போகும். போன வருஷம் வாங்கினவங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்னு நெனச்சிட்டு இருப்பீங்க, பாதி பேருக்கு போயே இருக்காது. அப்புறம் 2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கா, பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் ஒண்ணா படுத்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் எழுந்திரிக்கல. அந்த வருஷ தீபாவளி நவம்பர் 4. சரியா ஒரு மாசம் முன்னாடி, ஆர்டர் எடுக்கிற நேரம். மூணும் ஒரே கம்பெனிங்கிறதால மூணு எடத்துல இருக்கோம்ங்கிற தைரியத்துக்கு அர்த்தமே இல்லாம போச்சு. ராத்திரி நேரமா இருந்ததால தப்பிச்சோம்.

ஷோப்பி, லஸாடா பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. மசாலா தூள், பூஜ சாமான், ரெடிமேட் துணி மாதிரி பெட்டியில அடங்குற, ஒடையாத பொருள்னா கண்டிப்பா போடுங்க, கூட்டம் அங்கதான் இருக்கு. ஒவ்வொரு ஆர்டர்லயும் கமிஷன் போகும், அத வெலையில சேத்துக்கணும். வாங்கினவங்க ஷோப்பியோட கஸ்டமர்தான், உங்க பொருளுக்கு கீழயே அதவிட 50 காசு கம்மியா இன்னொருத்தர் பொருள காட்டுவாங்க. கேட்டரிங், மேக்கப், டியூஷன் மாதிரி சேவ தொழிலுக்கு இது ஆகவே ஆகாது.

இப்போ கூகள் பிஸ்னஸ் புரொஃபைல், மேப்புல கடை பேர் வருதே அது. வெப்சைட் போடுறதுக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க, ஒரு காசு செலவில்ல. ஜார்ஜ்டவுனுக்கு வர்ற ஆளு பசியாற எடம் தேடும்போது பேஸ்புக்க தொறக்க மாட்டாங்க, மேப்பதான் தொறப்பாங்க. இப்போ பெரும்பாலும் வீடியோ எடுத்துத்தான் வெரிஃபை பண்ண சொல்றாங்க, ரோட்டு பேர் பலகையில ஆரம்பிச்சு, கடை போர்டு, அப்புறம் உள்ள போயி நீங்கதான் கடைக்காரர்னு தெரியிற மாதிரி கல்லாவ தொறந்தோ ஷட்டர தொறந்தோ ஒரே ஷாட்ல காட்டணும். நடுவுல நிறுத்தக்கூடாது. வீட்டுல இருந்து தொழில் பண்றவங்க அட்ரஸ மறைச்சிட்டு எந்தெந்த ஏரியாவுக்கு போவீங்கன்னு மட்டும் போடலாம், பொம்பளைங்க தனியா வீட்டுல இருந்து செய்யிற தொழில்னா இத கட்டாயம் செய்யுங்க. தைப்பூசத்துக்கு கடை மூடினா ஸ்பெஷல் ஹவர்ஸ்ல போட்டுடுங்க, தொறந்திருக்குன்னு நம்பி அந்த ரோட்டு நெரிசல்ல வந்து ஏமாந்தவங்க ஒரு ஸ்டார் போட்டுட்டு போயிடுவாங்க. ரிவ்யூ கேக்கறதுல தப்பில்ல, ஆனா ரிவ்யூ போட்டா டிஸ்கவுண்ட்னு சொல்றது கூகள் விதிக்கு விரோதம்.

ஆனா இது வெப்சைட்டுக்கு பதிலா ஆகுமான்னா, ஆகாது. முன்னாடி இதுக்குள்ளயே இலவசமா ஒரு சின்ன வெப்சைட் கட்டி குடுத்தாங்க, 2024 மார்ச்ல கூகள் அத இழுத்து மூடிட்டாங்க. அந்த அட்ரஸ கார்டுல அடிச்சு வெச்சிருந்தவங்க கதி என்ன ஆச்சுன்னு யோசிச்சு பாருங்க. டொமைன் உங்க கையில இருக்கணும்னு நான் திரும்ப திரும்ப சொல்றது இதனாலதான். சொந்த டொமைன் இருந்தா, கீழ இருக்கிற பிளாட்ஃபார்ம் மூடினாலும் அதே பேர வேற எடத்துக்கு திருப்பி விட்டுடலாம், கஸ்டமருக்கு தெரியக்கூட தெரியாது.

டொமைன்ல டாட் காமா, டாட் காம் டாட் எம்ஒய்யான்னு கேப்பாங்க. டாட் காம் யார் வேணா வாங்கலாம். டாட் காம் டாட் எம்ஒய் வாங்க எஸ்எஸ்எம் (கம்பெனி பதிவு ஆணையம்) பதிவு பத்திரம் வேணும், டாட் எம்ஒய் பேர எல்லாம் மைநிக்ங்கிற அமைப்புதான் நிர்வகிக்குது. அந்த பத்திரம் கேக்கறது தொல்லன்னு நெனைக்காதீங்க, அது உங்களுக்கு பாதுகாப்பு. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, பட்டர்வொர்த்துல பிளவுஸ் தைக்கிறவங்க, வெப்சைட் செஞ்சு குடுத்த ஆளு டொமைன அவரோட ஈமெயில்ல அவரோட பேர்ல எடுத்துட்டாரு. ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு, அப்புறம் அந்த ஆளு நம்பர மாத்திட்டு காணாம போயிட்டாரு, புதுப்பிக்க வழியில்லாம டொமைன் காலாவதி ஆகி, அக்கா புது பேர் எடுத்து கார்டு, போர்டு, பில் புக் எல்லாத்தையும் மறுபடி அடிச்சாங்க. ஆள வெச்சு செய்ங்க, வேணாங்கல, ஆனா டொமைன் அக்கவுண்ட் உங்க ஈமெயில்ல, உங்க பாஸ்வேர்டுல, உங்க காசுல. அப்புறம் மொத வருஷ வெலைய மட்டும் பாக்காதீங்க, ரெண்டாவது வருஷம் புதுப்பிக்க எவ்ளோன்னு கேட்டுட்டு வாங்குங்க.

எஸ்எஸ்எம் பதிவே இல்லாதவங்க நெறைய பேர் இருக்காங்க. வியாபாரம் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும்ங்கிறது சட்டம். சொந்த பேர்ல பண்ணா வருஷத்துக்கு 30 வெள்ளி, கடை பேர் வெச்சா 60 வெள்ளி. ஆன்லைன்ல விக்கிறவங்க பதிவு எண், தொடர்பு எண், டெலிவரியோட சேத்து முழு வெல, இதெல்லாம் வெளிய தெரியிற மாதிரி போடணும்னும் சட்டம் இருக்கு. "வெல பிஎம்"னு, அதாவது வெலைய தனி மெசேஜ்ல கேளுங்கன்னு, போடுற பழக்கத்த விட்டுடுங்க.

சரி, வெப்சைட் எதுல கட்டுறது. ஒரே ஒரு பக்கம் போதும்னா கூகள் சைட்ஸ் இலவசம், சொந்த டொமைனையும் அதுல மாட்டலாம், அழகு கொஞ்சம் கம்மி. முறுக்கு அக்காவுக்கு நான் இததான் சொல்வேன். வெல, டெலிவரி ஏரியா, முட்ட போட்டதா போடாததா, கடைசி ஆர்டர் தேதி, வாட்ஸ்அப் பட்டன். அந்த பட்டன்ல போற நம்பர் 60ல ஆரம்பிக்கணும், முன்னாடி இருக்கிற சைபர எடுத்துடணும், பிளஸ் குறியும் வேணாம், இதுல தப்பு விட்டு பட்டன் வேல செய்யாத வெப்சைட்ட நெறைய பாத்திருக்கேன்.

அதுக்கு மேல வேணும்னா சண்ட விக்ஸுக்கும் வேர்ட்பிரஸுக்கும்தான். விக்ஸ்ல மவுச வெச்சு இழுத்து போட்டு ஒரு சனி ஞாயிறுல மேக்கப் பொண்ணு தன்னோட ஆல்பத்த தானே போட்டுடலாம், புக்கிங் காலண்டரும் இருக்கு, அப்டேட், செக்யூரிட்டி எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. இலவச பிளான்ல விக்ஸ் விளம்பரம் மேல தெரியும், சொந்த டொமைனும் மாட்ட முடியாது, அதனால காசு கட்டித்தான் ஆகணும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவங்கிறதால 2024 மார்ச்ல இருந்து 8 விழுக்காடு சேவ வரியும் சேரும், விளம்பரத்துல போட்டிருக்கிற வெலையோட நிக்காது. ரொம்ப முக்கியமானது, விக்ஸ்ல கட்டின சைட்ட அப்படியே தூக்கிட்டு வேற எடத்துக்கு போக முடியாது, போகணும்னா மொதல்ல இருந்து கட்டணும். அது இஸ்ரேல் கம்பெனிங்கிறதும் இங்க சில கஸ்டமருக்கு பெரிய விஷயம், உங்க வாடிக்கையாளர் யார்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வேர்ட்பிரஸ் 2003ல இருந்து இருக்கு, சாஃப்ட்வேர் இலவசம், உலகத்துல இருக்கிற வெப்சைட்ல பத்துல நாலுக்கு மேல இதுலதான் ஓடுது. ஹோஸ்டிங் (சைட்ட வெக்கிற சர்வர் எடம்) நீங்க வாங்கணும், நம்ம பினாங்குலயே 2001ல ஆரம்பிச்ச எக்ஸாபைட்ஸ் இருக்கு, மத்தவங்களும் இருக்காங்க, வெள்ளியிலயே பில் வரும். பிடிக்கலைன்னா எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டு வேற ஹோஸ்டிங்குக்கு போயிடலாம், இந்த சுதந்திரம் விக்ஸ்ல கெடையாது. ஆனா பிளகின் (கூட மாட்டுற சின்ன சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணாம ஆறு மாசம் விட்டா எவனாவது உள்ள பூந்து உங்க முறுக்கு வெப்சைட்ல சூதாட்ட லிங்க போட்டு வெச்சிடுவான், சின்ன கடைங்களோட சைட்ல இது சாதாரணமா நடக்குது. மாசம் ஒரு தடவ ஒக்காந்து பாக்க வீட்டுல ஒரு ஆளு இருந்தா, தம்பியோ மகளோ, வேர்ட்பிரஸ் எடுங்க, என் ஓட்டு அதுக்குத்தான். ஆளே இல்லைன்னா விக்ஸ் மாதிரி ஒண்ணு போதும், பாதுகாப்பா இருக்கும். எஸ்எஸ்எல்லுக்கு (சைட்டுல போற வர்ற தகவல பூட்டி அனுப்புறது) தனியா காசு கேட்டா மட்டும் யோசிங்க, லெட்ஸ் என்கிரிப்ட் அத இலவசமா தருது, நல்ல ஹோஸ்டிங் எல்லாம் அத சேத்தே குடுக்கிறாங்க.

பொருள் நெறைய, கார்ட்டு வேணும், காசும் ஆன்லைன்லயே கட்டணும்னா ஷாப்பிஃபை, ஈஸிஸ்டோர், வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ். ஷாப்பிஃபை ரொம்ப நேர்த்தி, ஆனா அவங்களோட சொந்த பேமெண்ட் மலேசியாவுல இல்ல, வெளி கேட்வே (ஆன்லைன்ல காசு வாங்கி குடுக்கிற சேவ) மாட்டினா பேசிக் பிளான்ல அவங்க ஒரு 2 விழுக்காடு எடுத்துக்குவாங்க, கேட்வேக்காரர் கட்டணம் அதுக்கு மேல. ஈஸிஸ்டோர் நம்ம நாட்டு கம்பெனி, ஷோப்பி லஸாடாவோட ஸ்டாக்கையும் சேத்து பாத்துக்கும், சேல கடைக்கு நான் அததான் பாப்பேன். எதுவா இருந்தாலும் எஃப்பிஎக்ஸ் (பேங்க் கணக்குல இருந்து நேரா கட்டுறது) இருக்கணும், நம்ம அம்மாங்க கிரெடிட் கார்டு நம்பர அடிக்க மாட்டாங்க, பேங்க் ஆப்புலதான் கட்டுவாங்க.

எதுல கட்டினாலும் எழுத்த எழுத்தாவே போடுங்க, படமா போடாதீங்க. பிளையர அப்படியே தூக்கி வெப்சைட்ல ஒட்டினா கூகளுக்கும் சரியா புரியாது, சின்ன போன்ல படிக்கவும் முடியாது. தமிழும் போடுங்க, போட்டா யூனிகோட்ல போடணும், பிரிண்டிங் கடைக்காரர் பழைய ஃபான்ட்ல அடிச்சத காப்பி பண்ணி ஒட்டினா வெறும் கிறுக்கலா வரும். நம்ம ஆளுங்களே தேடுறப்போ ஆங்கில எழுத்துலதான் முறுக்குன்னு அடிக்கிறாங்க, மலாய்க்காரங்களும் சீனவங்களும் அப்படித்தான், அதனால வெப்சைட் பக்கத்தோட தலைப்புல ஆங்கில எழுத்துல பொருள் பேரும் ஊர் பேரும் ஒண்ணா இருக்கணும். போன்ல எடுத்த படம் ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி இருக்கும், சுருக்கிட்டு ஏத்துங்க.

கூகள்ல மொத பக்கத்துல கொண்டு வர்றேன், கேரண்டின்னு போன் வந்தா வெச்சிடுங்க, மொத எடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகளே எழுதி வெச்சிருக்காங்க.

காசு போட்டு விளம்பரம்னா தொழிலுக்கு தொழில் மாறும். முறுக்கு மாதிரி பாத்ததும் ஆச வர்ற பொருளுக்கு பேஸ்புக், இன்ஸ்டா விளம்பரம் எடுக்கும், அதுலயும் பூஸ்ட் பட்டன அமுக்காம ஆட்ஸ் மேனேஜர்ல போயி பினாங்கு, செபராங் பிறைன்னு ஏரியாவ குறுக்கி போட்டா காசு கோலாலம்பூருக்கு ஓடாது. கல்யாண மண்டப அலங்காரம், கேட்டரிங், ஏர்கான் ரிப்பேர் மாதிரி தேவ வந்தா மட்டும் தேடுற தொழிலுக்கு கூகள் ஆட்ஸ்தான், ஒரு கிளிக்குக்கு வெல ஜாஸ்தி, ஆனா கிளிக் பண்றவங்க உண்மையிலயே ஆள் தேடிட்டு இருக்கிறவங்க. அந்த கிளிக்க பேஸ்புக் பேஜுக்கு அனுப்பாதீங்க, வெல போட்ட உங்க பக்கத்துக்கே அனுப்புங்க. விளம்பரம் ஓடுற வாரத்துல போன எடுக்க வீட்டுல ஒருத்தர ஒதுக்கி வெச்சிடுங்க, ஏன்னா கூகள்ல தேடுறவங்க ஒரு கடை போன எடுக்கலைன்னா உடனே அடுத்த நம்பருக்கு போயிடுவாங்க.